உப்பைக் குறைக்கச் சொன்னது நான்தான்

சரோஜா டீச்சரின் கண்களுக்குக் கீழே இருக்கும் வீக்கம் சிறுநீரகக் கோளாறு அல்ல. அது நான் போட்ட ஊசி. மூன்று ஆண்டுகளாக இது எனக்குத் தெரியும்; அவருக்குத் தெரியாது. சொல்லிவிட்டேன்... உங்களிடம்தான். அவரிடம் அல்ல.

நான் டாக்டர் இல்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தோல் கிளினிக்கில் தாதி. பதினொரு ஆண்டுகளாக டாக்டர் ஊசி போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். பார்த்ததிலேயே கை பழகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். என்ன திமிர்!

அந்த ஜெல்லைப் பற்றிச் சொன்னால்தான் என் குற்றத்தின் அளவு உங்களுக்குப் புரியும். ஹையலூரானிக் அமிலம் நம் தோலிலேயே இருப்பது. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வயதாக ஆக அது குறையும், முகம் வற்றும். கிளினிக்குக்கு ஊசியாக வருவதும் அதே பொருள்தான். ஆனால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. இறுக்கிப் பிணைத்தது கெட்டியாக நிற்கும். தாடைக்கும் கன்ன எலும்புக்கும் அதுதான். உதட்டுக்கு இளக்கமானது வேண்டும், சிரித்தால் கூடவே அசைய வேண்டுமே. கண்ணுக்கடியிலோ தோல் வெங்காயச் சருகு மாதிரி. அங்கே மெல்லியதை, அதுவும் துளியளவுதான் டாக்டர் வைப்பார். சிலரை வேண்டாம் என்றே திருப்பி அனுப்பிவிடுவார்.

இதெல்லாம் தெரிந்துதான் செய்தேன். தெரியாமல் செய்திருந்தால் இன்று இவ்வளவு உறுத்தல் இருக்காதோ என்னவோ...

டீச்சர் கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பிலேயே இருக்கிறார். என் மகளின் வகுப்பாசிரியராக இருந்தவர். பணி ஓய்வுக்கு இரண்டு வாரம் இருந்தபோது கேட்டார்.

"பாக்குறவங்க எல்லாம் தூங்கலையா டீச்சர், உடம்பு சரியில்லையான்னே கேக்குறாங்க தேவி. நான் நல்லாத்தான் தூங்குறேன். பிரியாவிடை ஃபோட்டோலயாவது கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கணும்மா."

கிளினிக்குக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் டீச்சரிடம் நல்ல பெயர் வாங்க ஆசை! என்னிடம் ஓர் ஊசி இருந்தது. காலாவதியாகப் போகிறது, தூக்கிப் போட்டுவிடு என்று டாக்டர் கொடுத்தது. தாடைக்கான கெட்டி ஜெல். எல்லாம் ஒரே அமிலம்தானே, கொஞ்சமாக வைத்தால் என்ன... ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் வீட்டு சோபாவில் சாய வைத்துப் போட்டேன்.

பிரியாவிடை நல்லபடி முடிந்தது. படத்தில் டீச்சர் அழகாகவே இருந்தார். அதன் பிறகு ஜெல் தண்ணீரை இழுக்கத் தொடங்கியது. கண்ணுக்கடியில் இரண்டு பை, நீலம் பாரித்த நிழலோடு.

"என்னம்மா இது, முன்னைவிட மோசமா இருக்கே?"

"தண்ணி கோத்திருக்கு டீச்சர். ஊசி ஆறு மாசத்துல கரைஞ்சிரும் லா. நீங்க உப்பக் குறைங்க."

எவ்வளவு சுலபமாக வந்தது வாயில்! கண்ணுக்கடியில் கெட்டி ஜெல் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் என்று எனக்குத் தெரியும்.

ஆறு மாதம் போயிற்று. ஊசி கரைந்துவிட்டது என்று அவர் நம்பினார். வீக்கம் போகவில்லை. அப்படியானால் சிறுநீரகம்தான் என்று பயந்து, ஷா ஆலம் மருத்துவமனை வரை போய் இரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்தார். ஒன்றுமில்லை என்றார்கள். அவர் அவர்களை நம்பவில்லை... என்னை நம்பினார். உப்பை அடியோடு விட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஜெல்லைக் கரைக்க மருந்து இருக்கிறது. அளவு பார்த்து டாக்டர் போட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் கரைந்துவிடும். எங்கள் கிளினிக்கின் குளிர்பெட்டியில், இரண்டாம் தட்டில் இருக்கிறது. தினமும் அதைச் சரிபார்த்து வைப்பதே நான்தான்! டீச்சரைக் கூட்டிக்கொண்டு போனால் போதும். ஆனால் யார் போட்டது என்று டாக்டர் முதலில் கேட்பார். வேலை போகும். வழக்கும் வரலாம். என் மகள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள்... பார்த்தீர்களா, இப்போதும் காரணம் தேடுகிறேன்.

சென்ற மாதம் டீச்சர் மகளுக்குக் கல்யாணம். எனக்கு நீதான் மேக்கப் போடணும் என்றார். நான் உண்டாக்கிய வீக்கத்தின் மேல் நானே பூசி மறைத்தேன். விரலுக்கடியில் ஜெல் தட்டுப்பட்டது. அவர் நம்பிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

பந்தியில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். என் இலையில் சாம்பார், கூட்டு, வடை, அப்பளம் எல்லாம் விழுந்தன. அவர் எதையும் வாங்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார். உப்பில்லாத சோறு, உப்பில்லாத கீரை. பெற்ற மகளின் கல்யாணத்தில்!

"நாக்கு பழகிருச்சு தேவி. அன்னைக்கு நீ சொல்லலன்னா இந்நேரம் கிட்னியே போயிருக்கும் லா. நீ சாப்பிடும்மா, ஆறிடப் போகுது."

இப்போது சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் சாப்பிட்டேன். இன்னொரு முறை சாம்பாரும் கேட்டு வாங்கினேன். வாயில் சோறு இருக்கும்வரை பேச வேண்டியதில்லை அல்லவா...