தம்பியின் முட்டியும் என் வேண்டுதலும்

இதை எழுத நினைத்து நினைத்தே பல வருஷம் ஓட்டிவிட்டேன். அம்மன் கோபித்துக்கொள்வாளோ என்று பயம். உண்மையில், ஊர் என்ன பேசுமோ என்ற பயம்தான் அதிகம்.

எண்பதுகளின் ஆரம்பம். என் தம்பி விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தான். கடைசிப் பரீட்சைக்கு முன்னால் பத்து நாள் லீவில் ஆரணிக்கு வந்தான். அவன் தேற வேண்டும் என்று, பரீட்சைக்கு முன்பே அவன் கையாலேயே ஒரு பட்டுப் புடவை நெய்து அம்மனுக்குச் சாத்துவதாக நான் வேண்டிக்கொண்டிருந்தேன். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்த அன்றே தறிக்குழியில் உட்கார வைத்துவிட்டேன். நெசவு எங்கள் குலத்தொழில்தான்; ஆனால் குழியில் இறங்கித் தறியின் மிதிகட்டையை மிதித்து அவனுக்கு ஆறு வருஷம் ஆகியிருந்தது.

ஐந்தாம் நாள் சொன்னான்: “ண்ணா, வலது முட்டி வீங்கிகினு இருக்கு. அங்க ஹெலிகாப்டர்ல பெடலைப் பூ மாதிரி மிதிக்கணும். கொஞ்சம் அழுத்திட்டா அதோட வாலு சுத்திக்கும்.”

“அம்மனுக்கு நெய்றதுக்கு முட்டி வலிக்குதாடா? ஆபீசர் ஆவறதுக்கு முன்னாடியே சொகுசு வந்துட்ச்சா?” என்றேன்.

என் மனைவி, “பாவங்க, மீதிய நீங்க நெய்ங்களேன்” என்றாள். கை மாறினால் பலிக்காது என்று அவள் வாயை அடைத்தேன். அப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானே கட்டிய சட்டம்.

புடவையைச் சாத்தினோம். அவன் நொண்டிக்கொண்டே பஸ் ஏறினான்.

பரீட்சை முடிந்து அவனிடமிருந்து கடிதம் வந்தது. ஹெலிகாப்டரை ஆள் உயரத்தில் அந்தரத்தில் அசையாமல் நிறுத்திக் காட்ட வேண்டுமாம். முட்டி மரத்துப்போய், பெடலை அழுத்திவிட்டான். வண்டி கிறுகிறுவென்று சுற்றியதாம். பக்கத்தில் இருந்த அதிகாரி கட்டுப்பாட்டைத் தன் கைக்கு வாங்கி இறக்கியிருக்கிறார். இன்னும் ஒரே தடவைதான். அதிலும் தவறினால் வெளியே. முட்டியைப் பற்றி அங்கே வாய் திறக்கவில்லை, கழித்துவிடுவார்களோ என்று. என்னைக் குறை சொல்லி ஒரு வரிகூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்று பூஜையில் உட்கார்ந்தும் மந்திரம் வாயில் வரவில்லை.

மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. இரண்டாம் தடவை தேறிவிட்டான். நானோ, எல்லாம் புடவையின் மகிமை என்று தெரு முழுக்கச் சொன்னேன். முதல் தடவை தவறியதைச் சொல்லவே இல்லை. அதைக் கேட்டு, ஜுரத்தோடு இருந்த தன் மகளைப் பரீட்சைக்கு முதல் நாள் தறியில் உட்கார வைத்தார் ஒருவர். அதற்கும் சும்மா இருந்தேன்.

அம்மன் மேல் எனக்குக் குறை இல்லை. அவள் என் தம்பியின் காலைக் கேட்கவில்லை, நான்தான் கேட்டேன். இந்தக் கதையை யாரிடமாவது சொன்னால், முட்டியை விட்டுவிட்டுப் புடவையை மட்டும் சொல்லாதீர்கள். இங்கே இருக்கிறபடியே சொல்லுங்கள்.