தரையைப் பார்த்துப் படம் சொல்லும் லில்லி அக்கா

துடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, காலியான அரங்கின் தரையை உற்றுப் பார்க்கிறார் லில்லி அக்கா. தியேட்டரைக் கூட்டுவதுதான் அவருடைய வேலை. கூட்டுவதற்கு முன்னால் விமர்சனம்.

"பாரு, எவ்ளோ பாப்கார்ன்! சிரிச்சி சிரிச்சி கொட்டியிருக்குதுங்க."

பாக்கெட் சுத்தமாகக் காலியாகியிருந்தால் படம் போர். கசங்கிப் பிழிபட்டுக் கிடந்தால் பிள்ளைகள் பயந்து நடுங்கியிருக்கிறார்கள். திரைப்பக்கம் அவர் திரும்புவதே இல்லை.

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒரே ஸ்கூட்டரில் நான்கு பேராக வருகிறவர்கள்கூட அவரைக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். இப்போது ஓடுவது குங்ஃபூ போடும் கீரிப்பிள்ளையின் கார்ட்டூன், இரண்டாம் பாகம்.

"மொத பார்ட் மாதிரி இருக்குதாமா?"

"அத்தவிட குப்பை ஜாஸ்திபா. தைரியமா புள்ளைங்கள இட்டுக்கினு போ."

படம் நன்றாக இருந்தால் ஒடிவது அவர் இடுப்புதான். ஆனாலும் பொய் வராது.

இடைவேளையில் சமோசா விற்கும் நாங்கள் ஒருமுறை, ஈ ஓட்டிய படம் ஒன்றுக்குப் பாப்கார்னை வாரி இறைத்து வைத்தோம். குனிந்து பார்த்தார்.

"சிரிச்சா காலாண்ட வுழும்டா. இது நடக்கிற வழில கெடக்குது. கோழிக்கா தீனி போட்ட?"

துடைப்பம் என் கைக்கு வந்தது.

ஊருக்கெல்லாம் சொன்னவர் தன் மகள் திரிஷாவை மட்டும் அழைத்து வரவில்லை. முதல் பாகத்தை அப்பாவின் மடியில் உட்கார்ந்து பார்த்தவள் அவள். அப்புறம் ஒரு சண்டையில் அந்த ஆள் வீட்டைவிட்டுப் போனார், போனவர்தான். இந்தப் பாகத்தின் முடிவில் கீரிப்பிள்ளையின் அப்பா திரும்பி வருகிறார் என்பதை, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், நான்தான் அக்காவிடம் உளறினேன்.

"அத்த பாத்துட்டு, 'எங்கப்பா எப்பமா வரும்'னு கேட்டா நான் இன்னாடா சொல்றது?"

ஞாயிற்றுக்கிழமை திரிஷா அடம்பிடித்து வந்தே விட்டாள். பின்வரிசை, ஓர நாற்காலி. லில்லி அக்கா கதவுக்கு வெளியே துடைப்பத்தோடு நின்றார். காது மட்டும் உள்ளே.

படம் முடிந்து திரிஷா தண்ணீர் குடிக்க ஓடியதும் நான் முந்திக்கொண்டு நுழைந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று கையில் ஒரு பிடி பாப்கார்ன். தேவைப்படவில்லை. அவள் கால் வைத்த இடமெல்லாம் வெள்ளையாக இறைந்து கிடந்தது. பக்கத்திலேயே பாக்கெட், பிழிந்த துணி மாதிரி.

லில்லி அக்கா இரண்டையும் பார்த்தார். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பாக்கெட்டை எடுத்து மடியில் விரித்து, சுருக்கம் போகும்வரை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தார்.