இரண்டாவது பொட்டலம்

1933ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். விடியுமுன் பிடித்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. முற்றத்துத் தகரத்திலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் பூஜை அறையில், சுவாமி படத்துக்கு முன்னால், வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டிய இரண்டு பொட்டலங்கள் கிடந்தன. ஒன்றில் நந்தியாவட்டை, மற்றதில் செவ்வரளி. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். என் தங்கையின் கல்யாணம் அதில் இருந்தது. நான் கை வைத்தது மற்றதில்.

பொட்டலம் கட்டியவர் அத்திம்பேர், என் அக்காவின் கணவர். அப்பா போன பிறகு அம்மாவையும் என்னையும் தங்கையையும் தம் சம்பளத்தில் சுமந்தவர். ஜார்ஜ் டவுனில் ஒரு வியாபார ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா. யார்மேலும் கை ஓங்கியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. உயர்த்த வேண்டிய அவசியம் வரவில்லை; எல்லாவற்றுக்கும் பூ இருந்தது. வீடு மாறுவதா, பசு வாங்குவதா, அம்மாவின் ஒட்டியாணத்தை விற்பதா, நான் கணக்கு எடுத்துப் படிப்பதா, எதுவானாலும் பூக்கட்டித்தான் பார்ப்பார். "மனுஷா சொன்னா எதிர்த்துப் பேசலாம். பூ சொன்னா யார் பேசறது?" என்பார். நான் காலேஜிலிருந்து திரும்பும்போது காரியம் முடிந்திருக்கும். "வெள்ளை வந்துடுத்துடா" என்று அம்மா காபியோடு சேர்த்துச் சொல்வாள். ஒரு வாரமாக அவர் எதைச் சொல்லிக்கொண்டிருந்தாரோ அதற்கே வெள்ளை வந்திருக்கும். ஏழு விஷயங்கள், ஏழிலும் வெள்ளை. எண்ணிவைத்திருந்தேன். எதையும் எண்ணாமல் விட்டதில்லை நான். சோறு போட்டவரைக் குறை சொல்லலாமா என்று கேட்பார்கள். சொல்லலாம். சோறு போட்டவர் கேட்டார் என்பதற்காகப் பூவிடம் கேட்கிற கேள்வி நியாயமாகிவிடாது.

இப்போது அடையாறில், பேத்தியின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் 'நிகழ்தகவு' என்று அழகாக அச்சடித்திருக்கிறார்கள். அன்று எங்களுக்குத் தமிழில் வார்த்தை கிடையாது, பி.ஏ. வகுப்பில் 'பிராபபிலிடி' என்று மட்டும் எழுதிப் போட்டார்கள். விதிகள் என்னவோ அதேதான். நமக்கு வேண்டியவற்றின் எண்ணிக்கையை மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். சேர்ந்து நிகழ முடியாத இரண்டில் ஏதாவது ஒன்று போதுமென்றால் கூட்ட வேண்டும். ஒன்றை ஒன்று பாதிக்காத இரண்டும் நடக்க வேண்டுமென்றால் பெருக்க வேண்டும். வாய்ப்பாடு ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். எந்த இடத்தில் எதைப் போடுவது என்பதுதான் வராது.

எனக்கு வராததைத் தங்கையிடம் கொண்டுபோவேன். பதினாறு வயது அவளுக்கு, ஐந்தாவது பாரம், இன்றைய பத்தாம் வகுப்பு. ஒரு நாள் பல்லாங்குழிச் சோழியில் மூன்றும் புளியங்கொட்டையில் இரண்டும் ஒரு பையில் போட்டு, "கண்ணை மூடிண்டு ரெண்டு எடுக்கறோம். ஒண்ணாவது சோழியா இருக்க எவ்வளவு வாய்ப்பு, சொல்லு" என்றேன்.

"சோழிதான் கைக்கே தெரியுமே!"

"கணக்குல கைக்குத் தெரியாதுடீ."

"அப்போ உங்க காலேஜ்ல எல்லாருக்கும் கை மரத்துப் போயிருக்கு" என்று சிரித்தாள். நான் ஜோடி ஜோடியாக எழுதிக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவள் எட்டிப் பார்த்தாள். "எதுக்கு இப்படித் தலையைச் சொறியறே? வேண்டாததைக் கண்டுபிடி அண்ணா. ரெண்டுமே புளியங்கொட்டையா வரது பத்துல ஒண்ணு. கழிச்சுட்டா மிச்சம் ஒன்பது." நான் முக்கால் பக்கம் எழுதிச் சேர்ந்த இடமும் அதுதான்.

அந்த ஐப்பசியில் மாம்பலத்திலிருந்து ஒரு வரன் வந்தது. வயது முப்பத்தெட்டு, முதல் மனைவி காலமாகி இரண்டு குழந்தைகள், சொந்த வீடு. வரதட்சிணை வேண்டாம் என்று சொன்ன ஒரே வரன். அத்திம்பேருக்கு அது போதும். தங்கை என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, "எனக்கு வேண்டாம்னு நீயாவது சொல்லேன் அண்ணா. ஸ்கூல் பைனல் முடிச்சுடறேன். அப்புறம் யாரைச் சொன்னாலும் பண்ணிக்கறேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பூக்கட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு தடவை வெள்ளை வருவது இரண்டில் ஒன்று. ஏழு தடவையும் வெள்ளையே வருவது அந்தப் பாதியை ஏழு முறை பெருக்கினால் கிடைப்பது: நூற்றிருபத்தெட்டில் ஒன்று. நடக்கிற காரியமா? ஆகவே அவர் இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையைத்தான் வைத்துக் கட்டுகிறார் என்று தீர்த்தேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை. எல்லார் முன்னிலையிலும் நிரூபிக்க வேண்டும் என்று இருந்தது.

அம்மா பிரித்தாள். நந்தியாவட்டை. கதவோரம் நின்றிருந்த தங்கையின் முகத்தை அம்மாவும் பார்த்திருக்க வேண்டும். "மாப்பிள்ளை, பெரிய காரியம். இன்னும் ரெண்டு தரம் போட்டுப் பாத்துடலாமே. மூணுல எது ரெண்டு தரம் வரதோ, அதுன்னு வெச்சுப்போம்" என்றாள். அவருக்கு எதிராக அம்மா வாயைத் திறந்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான்.

"பேஷா. அதுக்கென்ன?" என்று அத்திம்பேர் புது இலைத்துண்டுக்குக் கை நீட்டினார். நீட்டியேவிட்டார்.

"எத்தனை தரம் போட்டா என்ன? ரெண்டுலயும் வெள்ளைதானே வெச்சிருக்கேள்!" என்று நான் பாய்ந்து இரண்டாவது பொட்டலத்தை எடுத்துக் கிழித்தேன்.

மூன்று செவ்வரளி, ஈரம்கூடக் காயாமல்.

அத்திம்பேர் கோபித்துக்கொள்ளவில்லை. "அம்பி, காலேஜ்ல இதான் சொல்லித்தராளா?" என்று கேட்டார். பிறகு அம்மாவைப் பார்த்து, "சந்தேகப்பட்டுப் பிரிச்சாச்சு. சத்தியம்னும் தெரிஞ்சாச்சு. இனிமே மறுபடி போடறது ஸ்வாமியைச் சோதிக்கறதுக்குச் சமானம்" என்றார். இலைத்துண்டைக் கீழே வைத்துவிட்டார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். திரும்பிப் பார்த்தபோது கதவோரத்தில் யாரும் இல்லை.

தை மாதம் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம், கையில் மருதாணி காய்வதற்காக இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்துக்கொண்டு தங்கை உட்கார்ந்திருந்தாள். ஏன் அப்படிச் செய்தேன் என்று என் நூற்றிருபத்தெட்டை அவளுக்கு விளக்கினேன். முழுவதும் கேட்டாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணா. நான் ஆத்துலயேதானே இருந்தேன். சிவப்பு வந்தா அவர் எப்போ விட்டிருக்கார்? யாரோ தும்மிட்டா, இலை கிழிஞ்சிருக்கு, அம்மா மடியா இல்லைன்னு சொல்லி மறுபடி கட்டுவார். மூணு தரம் வரைக்கும் பாப்பார். வெள்ளை வந்தா அதோட நிறுத்திடுவார்."

நான் அந்த ஏழையும் விரல் மடித்து மறுபடி எண்ணினேன்.

"மூணும் சிவப்பா வரது எட்டுல ஒண்ணு. கழிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு மருதாணியைப் பார்க்கத் தொடங்கினாள்.

கழித்தேன். எட்டில் ஏழு. அதை ஏழு முறை பெருக்கினால் ஐந்தில் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. தெருவில் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. அவர் பொட்டலத்தில் ஏமாற்றவில்லை. பிடித்த பதில் வரும்வரை கேட்டார், வந்ததும் நிறுத்திக்கொண்டார். எல்லார் கண்ணெதிரிலும்தான் செய்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு தும்மல் இருந்ததால் யாரும் அதை எண்ணவில்லை. அவரும் எண்ணவில்லை. தம்மை யோக்கியர் என்று நம்பியே எண்பத்தொரு வயதுவரை இருந்தார், கடைசி வரை பூக்கட்டிப் பார்த்தார். அது எனக்கு இன்றும் ஆறவில்லை. பொய்யராக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

அம்மா கேட்ட அந்த இரண்டு தரத்திலும் சிவப்பு வந்திருந்தால் தங்கை தப்பித்திருப்பாள். பாதியைப் பாதியால் பெருக்கினால் நாலில் ஒன்று. பெரிய வாய்ப்பு இல்லை. ஆனால் அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான். அதைத்தான் நான் கிழித்தேன்.

மாம்பலத்தில் இருபத்தொன்பது வருஷம் குடித்தனம் செய்தாள். மூத்தாள் குழந்தைகள் இரண்டு, தன் குழந்தைகள் நாலு. அவள் புத்தகத்தைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. ஒரு தடவை பழைய ஞாபகத்தில் ஒரு கணக்கை எழுதிக்கொண்டு போனேன். அரிவாள்மணையில் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். காகிதத்தை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "அதெல்லாம் மறந்து போச்சு அண்ணா. சாப்டுட்டுப் போ" என்றாள். மறக்கிறவளா அவள்?

போன வாரம் பேத்தி இரண்டு நாணயத்தைச் சுண்டுகிற கணக்கைக் கொண்டுவந்து, "இவ்ளோ ஈஸியா தாத்தா?" என்று கேட்டாள். ஈஸிதான். நாணயத்தை மறுபடி சுண்டச் சொல்ல அங்கே யாரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மழை விட்டு, தகரம் சொட்டிக்கொண்டிருந்தது. மணி பார்த்தேன்: ஏழு இருபத்தைந்து. அன்று இந்நேரத்துக்குள் நான் கிழித்து முடித்திருந்தேன்.

அன்று பொட்டலத்தைக் கிழித்த பாவத்துக்குப் பரிகாரமாக அபிஷேகம் செய்ய வேண்டும், அதுவும் என் சொந்தக் காசில் என்று அத்திம்பேர் சொல்லிவிட்டார். அல்ஜீப்ரா புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் போட்டேன். பால், தேங்காய், புஷ்பம், குருக்கள் தட்சிணை. மற்றதையெல்லாம் தங்கை கொடுத்துத் தீர்த்தாள். எனக்கு ஆன செலவு மூன்று ரூபாய் ஆறணா.