இரண்டு கருகல்

விவசாயச் சொற்களை மரம்போலக் கிளை பிரித்து அடுக்குவது என் வேலை. பயிர், அதன் கீழே நோய், அதன் கீழே மருந்து. பல்லேகலப் பக்கம் ஓர் அறையில் நாங்கள் இரண்டு பேர். கணினி வழியாக வேறு ஊர்க்காரர்களும் அதே மரத்தில் கைவைப்பார்கள். விவசாயி போனில் கேள்வி கேட்டால் கணினி அந்த மரத்தைப் பார்த்துத்தான் பதில் அனுப்பும். ஊர் கூடித் தேர் இழுக்கிறோம் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

ஹேவாஹெட்ட மலைத் தோட்டமொன்றில் தக்காளி போட்டிருந்த அம்மா ஒருவர் எனக்கு ஒரு சொல் தந்தார். “எங்க பக்கம் கருகல்னா, இலையில கறுப்பு விழுந்து செடியே அழுகிப் போயிரும் சேர்.” நோய் என்று பதிந்தேன். ஆனால் மரத்தில் ஏற்கெனவே ஒரு கருகல் இருந்தது. அது என் எதிர்க் கதிரையில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரி பதிந்தது.

“கருகல் எண்டா தண்ணியில்லாமல் காயுறதுதானே? ஒரு சொல்லுக்கு ஏன் ரெண்டு பதிவு? சேர்த்து விடுங்கோ” என்றார். இரண்டு நாள் சண்டை பிடித்தோம். மூன்றாம் நாள் மேலிடம் அறிக்கை கேட்டு நெருக்கியது. அவருடைய கருகலுக்குள் என்னுடையதைச் சேர்த்துவிட்டேன். பிழை என்று தெரிந்தேதான் சேர்த்தேன்.

பனி மூடிய நாட்களில் அந்த அம்மா தன் செடிகளைப் பார்த்துப் பயந்து, போனில் ‘கருகல்’ என்று கேட்டிருக்கிறார். காலையும் மாலையும் நன்றாகத் தண்ணீர் ஊற்றும்படி பதில் போயிருக்கிறது. ஈரத்தில் பரவும் நோய் அது. பாத்தி முழுதும் போய்விட்டது.

சேதி வந்ததும் இரண்டையும் பிரித்தேன். சில நாளில் வேறு ஊரில் யாரோ ‘இரட்டைப் பதிவு’ என்று மறுபடி சேர்த்திருந்தார். பிரித்தேன். சேர்த்தார்கள். காரணம் எழுதினேன், யாரும் வாசிக்கவில்லை. அவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை. எனக்கு இந்த வேலையே வெறுத்துப்போனது.

போன கிழமை மன்னிப்புக் கேட்க ஹேவாஹெட்டவுக்குப் போனேன். தேத்தண்ணி தந்துவிட்டு, நான் வாய் திறக்குமுன் அவரே கேட்டார்.

“நாந்தான் பேரைத் தப்பா சொல்லிட்டேனா சேர்? படிக்காதவங்கதானே நாங்க. வேற எப்படிச் சொல்லியிருக்கணும்?”

“நீங்க சொன்னதுதான் சரி. பிழை என்னுடையது” என்றேன்.

அவர் நம்பவில்லை.

“போன்ல வந்தது எப்படி சேர் தப்பாகும்?”