மாமா கைதட்டிப் பார்த்த வீடு

முதலில் குசினியில் அடுக்கி வைத்த பீங்கான்கள் கிடுகிடுவென்று நடுங்கும். அதற்குப் பிறகுதான் பாட்டு காதுக்கு வரும். கல்முனையில் அந்தக் காலத்தில் உள்ளங்காலால் பாட்டுக் கேட்ட பிள்ளைகள் நானும் என் தங்கையும் மட்டும்தான் என்று நினைக்கிறேன். உம்மாவின் தம்பி ஹனீபா மாமா நெல் லொறி ஓட்டியவர். மலைநாட்டுக்குப் போன ஒரு தடவை, தோட்டத்தை விட்டுச் சீமைக்குத் திரும்பவிருந்த ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவிலிருந்து இரண்டு பெரிய ஸ்பீக்கர்களையும் ஒரு அம்ப்ளிஃபயரையும் வாங்கி, லொறியில் வைக்கோல் பரப்பி, பிள்ளை பெற்றவளை ஆசுபத்திரியிலிருந்து கூட்டி வருவது போல அத்தனை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

ஊரார் அவற்றைப் 'பொட்டி' என்றார்கள். ஒவ்வொன்றும் என் நெஞ்சு உயரம். ஒன்றைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நூல் பிடித்து ஒரு கதிரையைப் போட்டு, அதில் வேறு யாரையும் மாமா உட்கார விடமாட்டார்.

"இஞ்ச இருந்தாத்தான் மருமகன், பாடுறவன் சரியா நடுவுல நிப்பான்."

நான் பின்னால் போய் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒருத்தனும் இல்ல மாமா, பூனதான் படுத்திரிக்கி" என்பேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் கைவிட்டதற்கு இந்த வாய்தான் காரணம்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். நாங்கள் இருந்த வீடு என் தங்கைக்கு உரியது. முப்பத்திரண்டு வயதாகிவிட்ட மாமா, பெண் முடித்துப் பெட்டிகளோடு கிளம்பியாக வேண்டும். மாப்பிள்ளை பக்கத்தார் பெண்ணோடு சேர்த்துக் கிணற்றையும் கூரையையும் வேலியையும் பார்த்துவிட்டு வருவது வழக்கம்தான். மாப்பிள்ளையே கூடப் போவது வழக்கமில்லை, மாமா போனார். ஹோலைக் காலடியால் அளந்து, நடுவில் நின்று இரண்டு தரம் கைதட்டி, தலையைச் சரித்துக் காது கொடுத்தார். சாய்ந்தமருது வீட்டில் எதிரொலி அதிகம் என்றார். அடுத்த வீட்டில் தகரம் அதிரும் என்றார்.

உம்மா கொதித்துப் போனார்: "நான் உனக்குப் பொண்ணு தேடுறனா, உன்ட பொட்டிக்கி ஊடு தேடுறனா? இன்னம் ஒரு இடம் பாப்பன். அதுவும் சரிவராட்டி லொறியிலயே படுத்துக்க."

இதில் ஊராருக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. பெட்டிகள் பாடுவதை நிறுத்தி மூன்று மாதமாகியிருந்தது. உள்ளே இருக்கும் கடதாசிக் கூம்பைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும் பஞ்சு வளையத்தை எங்கள் கடலின் உப்புக்காற்று தின்று தீர்த்துவிட்டது. விரல் வைத்தால் கருப்புப் பொடியாகக் கொட்டியது. மாமா சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி ஒட்டிப் பார்த்தார், சரிவரவில்லை. ஆனாலும் அதை யாருக்கும் சொல்லாமல், ஊமைப் பெட்டிகளுக்காக வீடு வீடாகக் கைதட்டிக்கொண்டு திரிந்தார்.

கடைசி இடம் மருதமுனை. உம்மாவோடும் மாமாவோடும் நானும் போனேன். தகப்பன் மௌத்தாகிப்போன வீடு. தாயும் மகள் ஜெஸீமாவும் இடுப்பில் கட்டும் சாறன் நெய்து காலம் தள்ளினார்கள். மாமா கைதட்டினார். சுவர் முழுக்க நூல் கட்டுகளும் சாறன்களும் தொங்கியதால் துளி எதிரொலி இல்லை. நோன்பின் கடைசி நாளில் பிறை கண்டவர் போல முகம் விரிந்தது. அப்போதுதான் ஹோலின் நடுவில் கிடந்த தறியைப் பார்த்தார்.

"தறியக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தா..." என்று உம்மாவின் காதில் இழுத்தார்.

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஜெஸீமாவின் குரல் வந்தது: "தம்பி, அவருக்கிட்டச் சொல்லுங்க, இது குழி வெட்டி எறக்கின தறி, அசையாது. இதாலதான் எங்கட ஊட்டுல அடுப்பு எரியிது. அதோட, வந்த நேரத்திலயிரிந்து கைதட்டுறாரே, கோழி வெரட்டுறாரா?"

தூது போகச் சொன்னால் நான் சும்மா போவேனா? "பொட்டி வைக்க எடம் பாக்காரு. ஆனா அந்தப் பொட்டி இப்ப பாடுறல்ல, கிழிஞ்சி கிடக்கு" என்று போட்டு உடைத்தேன்.

உம்மா என் தொடையில் கிள்ளிய இடம் நாலு நாள் கறுத்துக் கிடந்தது. மாமா தலை குனிந்துகொண்டார். இந்தச் சம்பந்தமும் போயிற்று என்று எல்லாரும் எழும்பப் பார்த்த நேரம், திரைக்குப் பின்னால் சிரிப்பு அடங்கி ஒரு கேள்வி வந்தது.

"கிழிஞ்சது என்ன? துணியா, ரப்பரா?"

மாமா என்னை விட்டுவிட்டு நேரே திரையைப் பார்த்துப் பேசினார். "பஞ்சு மாதிரி ஒண்டு. உப்புக்காத்துக்குப் பொடிஞ்சி போச்சி. டியூப் வெட்டிப் போட்டன், சளி புடிச்ச மாடு கத்துறாப்போல இரிக்கி."

"இழுபடாத சாமானப் போட்டா கத்தாம என்ன செய்யும்? கஞ்சி போடாத மெல்லிய துணியில, நேரா வெட்டாம மூலவாட்டா வெட்டினா இழுபடும். அந்தச் சாமான அனுப்புங்க, பாப்பம்."

தேத்தண்ணி ஆறிப்போகும் வரை திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓரத்துணிக் கதைதான் நடந்தது. பெண்ணின் நிறம், உயரம், ஓதல் எதையும் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் கூம்புகளைச் சாக்கில் சுற்றி சைக்கிளில் நான்தான் கொண்டு போனேன். ஒரு கிழமையில் திரும்பி வந்தன: வெள்ளைத் துணி வளையம், அதன் மேல் டியூப் ஒட்டும் பசை பால் ஆடை போல மெல்லிசாக ஒரு பூச்சு. மாமா ஆணிகளை முறுக்கி முடித்து, பள்ளிவாசலில் வாங்கு சொல்லி ஓயும் வரை காத்திருந்து, சுவிட்சைப் போட்டார். துரையின் பங்களாவிலிருந்து வந்த புதிதில் கேட்டதைவிட அடிச்சத்தம் ஆழமாகவும் மென்மையாகவும் வந்தது. ஒரு பாட்டு முடியும் வரை அசையாமல் இருந்தவர், "தறி அங்கயே கிடக்கட்டும் ராத்தா" என்று மட்டும் உம்மாவிடம் சொன்னார்.

தறிக்கு இடமொன்று வலமொன்றாகப் பெட்டிகள் மருதமுனையில் குடியேறின. தறி ஓடும்போது பாட்டில்லை. தறியில் ஓடும் நாடா நின்றால்தான் பாட்டு. இதில் மாமா எதிர்பாராதது ஒன்று நடந்தது. இரண்டு பெட்டிகளுக்கும் சரி நடுவான இடம், ஜெஸீமா மாமி தறிக்குழியில் கால் விட்டு உட்காரும் பலகைக்கு வந்துவிட்டது. இருபத்தைந்து வருசம் நல்ல இடத்தில் மாமி இருந்து கேட்டார். மாமா ஓரமாகப் பாய் போட்டுக் கேட்டார்.

கடல் ஊருக்குள் வந்த அன்று இருவரும் உயிரோடு தப்பினார்கள். தறி போனது, பெட்டிகளும் போயின. இப்போது உள்ளே தள்ளிக் கட்டிக் கொடுத்த சின்ன வீட்டில் இருக்கிறார்கள். மாபிள் தரை, குழி வெட்ட இடமில்லை. போன பெருநாளைக்கு, கட்டாரிலிருந்து என் மகன் அனுப்பிய, உள்ளங்கைக்குள் அடங்கும் ஸ்பீக்கர் ஒன்றை அவர்களுக்குக் கொண்டு போய், கைபேசியிலிருந்து பழைய பாட்டொன்றைப் போட்டுக் காட்டினேன்.

"சோக்கா இரிக்கி மருமகன்" என்றார் மாமா.

வட்டிலப்பத் தட்டோடு வந்த மாமி வாசற்படியில் நின்று பாதிப் பாட்டைக் கேட்டார்.

"அவர் உங்கட மனசு நோகக்கூடாதெண்டு சொல்றார். தபேலாக்காரன் எங்க மருமகன்? வாற வழியில எறக்கி உட்டுட்டீங்களா?"