திமிலதீவு – சீனக்குடா: ஆகாயத்தில் அரை மணி, தரையில் இரண்டு நாள்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் காரணமில்லாமல் ஒருவரும் திருகோணமலைப் பக்கம் போவதில்லை. எனக்குக் காரணம் என் அக்கா மகள் பூரணத்தின் கலியாணம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்க வேண்டும். வந்த சம்பந்தமோ திருகோணமலைச் சீனக்குடா விமானத் தளத்தில் மெக்கானிக். "அதுக்கென்ன, மட்டக்களப்பில திமிலதீவுத் தளத்துக்குப் பிளேன்ல அரை மணித்தியாலம். கிழமைக்குக் கிழமை பறந்து வருவார்," என்றார் தரகர். களுவாஞ்சிக்குடி வீட்டில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பெண் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளையின் காலை நான் பார்த்தேன். காற்சட்டையில் முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. ஆகாயத்தில் ஏது சேறு? பொய்யனுக்குப் பெண் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. தை மாதம் மழை விட்டதும் விசாரிக்க நானே புறப்பட்டேன்.

ரயிலில் இடமெல்லாம் பட்டாளத்துக்கே. ஆகவே கரையோர வழி. காலை ஆறு மணிக்கு மட்டக்களப்பில் பஸ் ஏறி, இருபது மைல் கடந்து எட்டு மணிக்கு வாழைச்சேனை. அதற்கப்பால் மாட்டு வண்டி. வண்டிக்காரர் மூன்று ரூபாய் கேட்டார், இரண்டரை என்றேன். உடனே சம்மதித்தார், அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. வழியில் தலைக்கு மேலே ஒரு விமானம் போயிற்று.

"நாம பனிச்சங்கேணி போகமுதல் அவன் சீனக்குடாவில இறங்கிருவான்," என்றார் அவர்.

பனிச்சங்கேணியில் களப்பைக் கடக்க ஓடம். இரவு கதிரவெளியில் தங்கல். மறுநாள் வெருகலில் இன்னோர் ஓடம், அங்கிருந்து மூதூருக்கு லொறி, மூதூரிலிருந்து வள்ளம். சீனக்குடா வாசலில் நிற்கும்போது மாலை நான்கு மணி.

காவற்காரரிடம், "இங்கேயிருந்து மட்டக்களப்புக்குப் பிளேன்ல எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"உமக்கேன் அது? ஆர் அனுப்பினது?" என்று தோளைப் பிடித்துவிட்டார். ஊரையே சந்தேகிக்கிற என்னை ஒற்றன் என்று சந்தேகித்தார்கள். மாப்பிள்ளையின் பெயரைச் சொன்னேன். அழைத்ததும் மாப்பிள்ளை கையில் எண்ணெயோடு ஓடி வந்தார். என்னைத் தெரியாது என்று சொல்லித் தன் வேலையைக் காப்பாற்றியிருக்கலாம்.

"இவர் என்ட மாமா. நான் பொறுப்பு," என்றார். நாங்கள் இன்னும் சம்மதமே சொல்லவில்லை.

தேநீர்க் கடையில் உட்கார்ந்ததும் நேராகவே கேட்டேன்.

"அறுபத்தஞ்சு மைல் இருக்கும் மாமா. அரை மணித்தியாலம் உண்மைதான். ஆனா நான் பிளேனத் திருத்துறவன், ஏறினதில்ல. எங்கள ஏத்தவும் மாட்டாங்க. தரகர் சொன்னத உங்கட வீட்டிலதான் நானும் கேட்டன். சபையில மறுத்துப் பேசக் கூச்சமாப் போச்சு."

"அப்ப வந்தது எப்படி?"

"நீங்க வந்த வழிதான். மழையில வண்டி கிடைக்கல்ல. வெருகல்ல இருந்து வாழைச்சேனை வரைக்கும் நடந்தன்."

அதையும் நான் உடனே நம்பவில்லை. திரும்பும்போது பனிச்சங்கேணி ஓடக்காரரிடம் விசாரித்தேன். "ஓம், மார்கழியில சப்பாத்தக் கையில பிடிச்சிக்கிட்டு ஒருத்தர் வந்தவர். பொம்புள பாக்கப் போறாராம்," என்றார்.

இந்த வழியால் போகிறவர்கள் மாரி காலத்தைத் தவிருங்கள். வெருகலுக்குப் பொழுது சாயுமுன் போய்விடுங்கள். விமானத் தளத்து வாசலில் தூரம் மட்டும் கேட்காதீர்கள்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. "அப்ப கிழமைக்குக் கிழமை வரமாட்டாரா?"

"மாசத்துக்கு ஒருக்கா வந்தாலே பெரிசு," என்றேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து பூரணம் கேட்டாள்: "மாமா, மழையில எவ்வளவு நேரம் நடந்தவராம்?"

"ஒரு பகல் முழுக்க, மறுகா அடுத்த நாளும் பாதி."

பூரணம் கதவைக் கொஞ்சம் திறந்தாள்.

"அப்ப ஓமெண்டு சொல்லுங்க."