சும்மாட்டின் மேல் ஒரு கேமரா

அந்தோணிராஜ் மஸ்கட்டுக்கு விமானம் ஏறியது 1987 டிசம்பரில், ஒரு வியாழக்கிழமை. வழியனுப்பிவிட்டுக் கரையான்சாவடி திரும்பிய ஞானகுமாரி, கட்டியிருந்த நல்ல புடவையைக்கூட மாற்றாமல் கேமராவோடு மொட்டைமாடிக்கு ஏறினாள். "நான் லீவுல வர்றதுக்குள்ள ஒரு நட்சத்திரமாச்சும் படத்துல ஒழுங்கா விழணும். இல்லாங்காட்டி கேமராவ வித்துடுவேன்" என்று கிளம்பும்போதும் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான் கணவன்.

கேமராவுக்குக் கால் கிடையாது. தண்ணீர்த் தொட்டியின் மேல் துணியைச் சுருட்டி வைத்த ஒரு சும்மாடு. அதில் மல்லாந்து கிடக்கும். பனி லென்ஸை மங்கவைக்கும் என்பதால் அடுப்பு வெக்கையில் காட்டிய துணி இடுப்பில் இருக்கும். லென்ஸைத் திறந்து, ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லி மூடுவாள். இரண்டு சொன்னால் நட்சத்திரம் கோடாக இழுத்துவிடும். எதையும் இரண்டு முறை எடுப்பாள். தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்: "தூசி ஒரு படத்துலதான் இருக்கும்னு வெச்சுக்கோ. நட்சத்திரம் ரெண்டுலயும் நிக்கும்."

கிழக்கே பாடி தொழிற்சாலைகளின் வெளிச்சம் அடங்காது. அடுத்த வீட்டு ஆரோக்கியசாமி தொங்கவிட்ட கிறிஸ்துமஸ் ஸ்டார் அதைவிட மோசம்.

"மாமா, ஒங்க ஸ்டார கொஞ்சம் அணைங்க. என் ஸ்டார் தெரியல."

"ஸ்டாரப் பாத்து ஏசுவத் தேடி வர்ற மூணு ராஜாங்களும் வழி தெரியாம குமணன்சாவடில நின்னா நீ பதில் சொல்லுவியா?"

"நானே போய் இட்டுகினு வரேன். அணைங்க."

பகலில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் அவளுக்கு டச்சிங் வேலை. கல்யாணப் படங்களில் தூசியால் விழும் வெள்ளைப் புள்ளிகளை, தூரிகையை நாக்கில் நனைத்து மையால் அடைப்பாள். ஜனவரியில் முதல் நல்ல படம் வந்தது: வரிசையாக மூன்று நட்சத்திரங்கள். பார்த்துக்கொண்டே இருந்தவளின் கை, பழக்கத்தில் தூரிகையை எடுத்து நடு நட்சத்திரத்தை அடைத்துவிட்டது.

முதலாளி ஜானகிராமன் எட்டிப் பார்த்தார். "மீதி ரெண்டையும் அடைச்சிடும்மா. கிளீனா பூடும்."

அவள் இருட்டறைக்குள் போய் மறுபடி பிரிண்ட் போட்டாள். இந்த முறை தூரிகையைக் கொண்டையில் செருகிக்கொண்டு, கைகளைக் கட்டியபடி பார்த்தாள். மூன்றுக்கும் கீழே பஞ்சுத் துணுக்குபோல ஒரு வெள்ளை. இரண்டாம் முறை எடுத்த படத்தையும் பிரிண்ட் போட்டாள்; அதிலும் அதே இடத்தில் இருந்தது. அப்படியே மஸ்கட்டுக்கு அனுப்பினாள்.

பதில் வர ஆகஸ்ட் ஆகிவிட்டது. அவன் பேசிப் பதிந்த ஒரு கேசட். "ஞானம், மூணும் கீது, எண்ணிட்டேன். கேமரா ஊட்லயே இருக்கட்டும். கீழ பஞ்சு மாதிரி ஒரு தூசி கீது பாரு, அத மட்டும் டச் பண்ணிடு."

கேசட்டைத் திருப்பிப் போட்டாள். சிவப்புப் பொத்தானை அழுத்தி, வாயை அருகே கொண்டுபோனாள்.

"அது தூசி இல்லய்யா."